மூடியின் மேல் ஒரு சுருள்

மதிய ஷிப்டுக்கு வந்தவர் முதலில் பார்த்தது கடைசல் லேத்தின் மூடி மேல் கிடந்த இரும்புச் சுருளைத்தான். என்றைக்கும் அதைத்தான் முதலில் பார்ப்பார். சட்டை மாற்றுவது, எண்ணெய் விடுவது, போர்மேனிடம் தலையாட்டுவது எல்லாம் அதற்கப்புறம்.

கியர்ப்பெட்டி மூடியில் பச்சை பெயிண்ட் தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தெரியும் ஓர் இடம் இருந்தது. காலை ஷிப்ட் ஓட்டுகிறவர் வேலையை முடிக்கும்போது, கடைசியாக வந்த சுருளில் ஒரு துண்டை அங்கே வைத்துவிட்டுப் போவார். மதிய ஷிப்ட்காரர் தன் கடைசிச் சுருளை அதே இடத்தில் வைப்பார். அடுத்து வருகிறவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். வெட்டும் டூல் மழுங்கிவிட்டதா, இரும்பு முரண்டு பிடிக்கிறதா, இன்னும் எவ்வளவு ஆழம் போகலாம் என்று அதுவே சொல்லிவிடும். அந்தப் பட்டறையில் வேறு எந்த இயந்திரத்திலும் இந்தப் பழக்கம் கிடையாது. இந்த ஒரு லேத்தில், இந்த இரண்டு பேருக்குள் மட்டும்தான்.

காலை ஷிப்ட்காரர் மதிய ஷிப்ட்காரருடைய தங்கை கணவர். இவர் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார், அவர் இவரை மச்சான் என்பார். கேட்டுக் கேட்டுப் பழகிப்போய், பட்டறை முழுக்க ஒருவர் மாப்பிள்ளை, மற்றவர் மச்சான் என்றே ஆகிவிட்டது. போர்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகும் பட்டறை மட்டும் அவர்களை முறை சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது.

நிறுத்தியது மச்சான்தான். காரணத்தைச் சொன்னால் சின்னப்பிள்ளைச் சண்டை என்பார்கள். டூல் தீட்டுவதில் இருவருக்கும் இரண்டு கை. மச்சான் டூலின் மூக்கை, வெட்டும் நுனியை, கூராகச் சரிவாகத் தீட்டுவார். இரும்பு பட்டுநூல் மாதிரி சுருண்டு வரும், ஆனால் அழுத்தினால் மூக்கு உடையும். மாப்பிள்ளை தடிமனாக, நிமிர்த்தித் தீட்டுவார். இயந்திரம் கொஞ்சம் முனகும், டூல் அசையாது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பத்துப் பேர் நடுவில் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மச்சான் தீட்டின டூலுக்கு வெண்ணெயைக் குடுங்க, அருமையா வெட்டும். இரும்பைக் காட்டிட்டீங்கன்னா மூக்குடைஞ்சு நிக்கும், அவரை மாதிரியே."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். மச்சான் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு பேச்சு கிடையாது. ஆனால் மூடி மேல் சுருள் வைப்பது மட்டும் நிற்கவில்லை. வேலைக்கு அது வேண்டியிருந்தது என்று இருவருமே சொல்லிக்கொண்டிருப்பார்கள். மச்சானைப் பொறுத்தவரை அது வேறொன்றாகவும் ஆகிவிட்டிருந்தது. தினமும் கிடைத்த சுருள்களிலேயே அழகானதாகப் பொறுக்கி வைப்பார். பார்த்துக்கோ, வெண்ணெயா இது என்று கேட்பதுபோல.

அன்றைக்கு மூடி மேல் இருந்த சுருள் அலங்கோலமாக இருந்தது.

லேத் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரும்பை வெட்டுகிறோம் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் தள்ளுகிறோம். சுழலும் இரும்பின் மேல் டூலின் மூக்கு அழுத்தும்போது, இரும்பு சரியும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வழுக்கி, நசுங்கி, சூடேறிச் சுருளாக வெளியே வருகிறது. டூலை உரசிக்கொண்டு வந்த பக்கம் கண்ணாடியாக மின்னும், மறுபக்கம் சொரசொரப்பாக இருக்கும். டூல் ஒரே சீராக நகர்ந்தால் சுருளின் தடிமன் ஒரே சீராக இருக்கும். அதனால்தான் டூலை நகர்த்தும் வேலையை இயந்திரத்திடமே விட்டுவிடுகிறோம். அதற்கு ஒரு லீவர் உண்டு. கையால் சக்கரத்தைத் திருகியும் நகர்த்தலாம், ஆனால் கை தடுமாறினால் அதுவும் சுருளில் வந்துவிடும்.

அன்றைய சுருள் ஓரிடத்தில் தடித்துக் கருநீலமாக இருந்தது. அடுத்த சுற்றில் காகிதமாக மெலிந்து வெளுத்திருந்தது. மறுபடி தடித்து, ஓரம் கிழிந்து, சட்டென்று அறுந்து நின்றது. டூல் முந்தைய நாள் இரவு மச்சான் தீட்டிப் பூட்டிவிட்டுப் போனது. அவருக்கு வேறு அர்த்தமே தோன்றவில்லை. உங்க டூல் போட்ட கோலம் இது என்று சொல்லத்தான் வேண்டுமென்றே இப்படி ஒன்றை வைத்திருக்கிறான். காது மடல் சூடாகிவிட்டது. சுருளை இரண்டாக முறித்துப் பக்கத்தில் இருந்த கழிவுத் தொட்டியில் எறிந்தார்.

மாப்பிள்ளை இன்னும் கிளம்பியிருக்கவில்லை. கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மறு தோளைப் பிடித்திருந்தது. மச்சான் தொட்டியில் எறிந்ததை அவர் பார்த்திருப்பார். பார்க்கட்டும் என்றுதான் எறிந்ததும்.

அப்போது மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான்."

சத்தமாக இல்லை. ஆனால் கேட்டது. மற்ற இயந்திரங்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்றுபோயிருந்தன, குழாயில் சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது. மச்சான் திரும்பவில்லை. மோட்டார் பொத்தானை அழுத்தினார். லேத் இரைந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

வேலையைத் தொடங்கிய பிறகுதான் லீவரின் கோளாறு தெரிந்தது. போட்டால் நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் என்றும், மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றும், பெரிய தண்டு அவசர வேலை என்பதால் மாப்பிள்ளை முழு ஷிப்டும் கையாலேயே ஓட்டினார் என்றும் போர்மேன் சொல்லிவிட்டுப் போனார். லீவரையும் கெடுத்துவைத்திருக்கிறான் என்று மச்சான் முணுமுணுத்தார். பிறகு அவரும் கையால் ஓட்டினார். அதே டூல், அதே தண்டு. சுருள் பட்டாக வந்தது.

டூலில் குறையில்லை, இரும்பில் குறையில்லை, ஓட்டியது கை. மூன்றும் அவருக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. என் டூலைப் பழிக்க வந்தானே என்று நினைத்துக்கொண்டே அழகழகாகச் சுருள் எடுத்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன்பே போர்மேன் வந்து, எதுவும் கேட்காமல், தானே லேத்தை நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் கூட்டம் இருந்தது. தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், இன்னும் அண்ணனுக்குப் பாப்பாதான். பட்டறையிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள், வேலை செய்யும்போது அவர் எப்படி இருந்தார் என்று. நன்றாகத்தான் இருந்தார் என்றார் போர்மேன். பக்கத்து மில்லிங் மெஷின்காரரும் அதையே சொன்னார். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"நீங்க பார்த்திருப்பீங்களே. ஷிப்ட் மாறும்போது."

"பார்த்தேன். நல்லாத்தான் இருந்தார்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு எல்லாருக்கும் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "காலையில தோள் குடையுதுன்னார். கோணலாப் படுத்திருப்பீங்கன்னு சொல்லி, தைலத்தைத் தேய்ச்சு நான்தான் அனுப்பினேன். இன்னைக்குப் போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல."

அந்தப் பேச்சை அவள் விடவே இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகும், மகள் தன் ஊருக்குத் திரும்பிய பிறகும், மச்சான் போகும்போதெல்லாம் அதே தைலம், அதே காலை. உன் தப்பில்லை பாப்பா என்று அவர் சொல்வார். அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும் என்பாள். தெரியும் என்பதுதான் அவரை உறுத்தியது. மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கூப்பிட்டதும் அவருக்குத் தெரியும், அதைச் சொல்ல வாயில்லை.

ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது ஜன்னலைப் பார்த்தார். பேச்சு நின்ற பிறகு அந்த வீட்டுக்குள் அவ்வளவு தூரம் வந்ததில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நூல்களில் இரும்புச் சுருள்கள் தொங்கின. நீலம், ஊதா, வைக்கோல் நிறம். காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அடுத்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று விடாமல் எல்லாம் அவரே எடுத்தவை.

"புறா வரக் கூடாதுன்னு கட்டித் தொங்கவிட்டார்," என்றாள் தங்கை. "நீங்க மூடி மேல வைப்பீங்களாம், நல்லதாப் பார்த்து எடுத்துட்டு வந்துடுவார். உங்க அண்ணன் சுருளைப் பார்த்தா புறாவே ஒதுங்கிப் போகும், அவ்வளவு ரோஷம்னு சிரிப்பார். அப்புறம் வெளிச்சத்துல காட்டி, பாரு, ஒரு இடத்துல கிழிசல் இருக்கான்னு என்கிட்டயே கேப்பார்."

"உங்களுது ஏன் மாட்டலேன்னு அவரை நான் கேட்டேன்," என்று தொடர்ந்தாள். "என்னுது தொட்டிக்குத்தான் லாயக்குன்னார்."

மச்சான் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாகக் குத்திக்காட்ட வைத்ததை எல்லாம் ஒருவன் வீட்டுக்கு எடுத்துவந்து மாட்டி வைத்திருக்கிறான். அவன் வைத்ததை எல்லாம் இவர் தொட்டியில் போட்டிருக்கிறார்.

கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள். "அன்னைக்கு அவர் வச்ச கடைசிச் சுருள் இருக்குமே. அதை எனக்குக் குடுங்கண்ணா. அவரோடது ஒண்ணாவது அங்க தொங்கட்டும்."

பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை, ஆள் வருவதற்கு முன்பே பட்டறைக்குப் போனார். அந்தச் சாவுக்குப் பிறகு போர்மேன் அந்த லேத்தை ஓடவிடவில்லை. அவசரம் என்ற வேலையையும் தள்ளிப்போட்டிருந்தார், பாதி கடைந்த தண்டு அப்படியே பூட்டிக் கிடந்தது. அன்று காலைதான் காலியாக வந்திருந்த கழிவுத் தொட்டியும் நிரம்பாததால் பழைய இரும்புக்காரர் வண்டி அதைத் தொடவில்லை. மச்சான் கொக்கியை எடுத்துத் தொட்டி முன் குந்தினார். சுருளை வெறுங்கையால் எடுக்கக் கூடாது, விரலைச் சீவிவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர்தான். கொஞ்ச நேரத்தில் கொக்கியைப் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

மேலே இருந்ததெல்லாம் அவருடையது. அன்று மாலை எடுத்த பட்டுச் சுருள்கள். அள்ளி அள்ளித் தரையில் போட்டார். அவற்றுக்குக் கீழே கிடந்தது, அவர் முறித்துப் போட்டதில் ஒரு பாதி. பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குக் கீழே இருந்ததைக் கண்டதும் கை நிற்கவில்லை. அங்கிருந்து அடிவரை மாப்பிள்ளையின் காலை முழுவதும் வரிசை கலையாமல் கிடந்தது. மேலடுக்கில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி. அதற்குக் கீழே தடுமாற்றம் குறைவு, எங்கோ ஒன்று மட்டும். இன்னும் கீழே போகப் போகச் சுருள்கள் சீராகிக்கொண்டே வந்தன. அடியில் கிடந்தவை, லீவர் இல்லாமல் கையால் ஓட்டியவை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு ஒரே சீர். தடியான, அழுத்தமான, மாப்பிள்ளைக்கே உரிய சுருள்கள்.

காலையில் அந்தக் கை நன்றாக இருந்திருக்கிறது. வேலை தொடங்கி வெகுநேரம் வரை நன்றாகவே இருந்திருக்கிறது. ஷிப்ட் முடிய இருக்கும்போதுதான் கெட்டிருக்கிறது. தங்கை தைலம் தேய்த்து அனுப்பியது தப்பில்லை என்பதற்குச் சாட்சி இந்தத் தொட்டி. கெட்ட பிறகு அந்த மனிதன் ஒரு சுருளை எடுத்து வைத்துவிட்டு, எழுந்து போக முடியாமல் உட்கார்ந்து, ஒருவரைப் பேர் சொல்லாமல் முறை சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

மச்சானுக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியதை நினைத்தால் பின்னாளில் அவருக்குக் கூசும். அடியிலிருந்து சீரான சுருள் ஒன்றை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதுதான் கடைசிச் சுருள் என்று கொடுத்துவிட்டால் போதும். பார், ஷிப்ட் முடியும் வரை கை நடுங்கவே இல்லை, ஏதோ திடீரென்று வந்துவிட்டது, உன் மேலும் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை. முறிந்த பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நடக்கும்போது அது தொடையில் குத்திக்கொண்டே வந்தது.

தங்கை சுருளை வாங்கிக்கொண்டாள். ஜன்னலருகே போய், கணவர் சொல்லிக்கொடுத்தபடி வெளிச்சத்தில் திருப்பினாள். மின்னும் பக்கத்தைப் பார்த்தாள். மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள்.

"இதுல கருப்புத் தோல் இருக்கு," என்றாள்.

உலையிலிருந்து வரும் இரும்பின் மேல் கருப்பாக ஒரு தோல் உண்டு. முதல் தடவை ஓட்டும்போதே அது சுருளின் வெளிப்பக்கத்தோடு போய்விடும். பிறகு வருவதெல்லாம் வெள்ளை இரும்பு. சின்ன வயதில், சீவிக்கொண்டு வந்த முதல் சுருளை அவளிடம் காட்டி இதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

"அது காலையில வந்தது. கடைசிச் சுருள் எங்க?"

அவர் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு முறிந்த பாதியை எடுத்து மேஜை மேல் வைத்தார். கொடுக்கவில்லை, வைத்தார். அவள் அதை எடுத்து, இரண்டு விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினாள். ஒரு கிழிசலில் விரல் பட்டு ரத்தம் துளிர்த்தது. தடவுவதை நிறுத்தவில்லை.

"கை நடுங்கியிருக்கு."

"ஆமா."

"அப்போ காலையில நல்லா இருந்திருக்கார்."

"நல்லா இருந்தார், பாப்பா. தொட்டி அடிவரைக்கும் பார்த்துட்டேன். காலையில அவருக்கு வெறும் தோள்வலிதான். நீ அனுப்பினதுல தப்பில்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவள் தோளில் கிடந்தது இறங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். இறங்கியது எங்கே போகும் என்றும் அவருக்குத் தெரியும்.

"மத்தியானம் பக்கத்துல இருந்தது நீங்க," என்றாள்.

"நான்தான்."

"இதை எடுத்துப் பார்த்தீங்க."

"பார்த்தேன். என் டூலைக் கிண்டல் பண்றார்னு நெனச்சு முறிச்சுப் போட்டேன்."

வெளியே ஒரு புறா ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்து, தொங்கும் சுருள்களுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தது.

"ஏதாவது பேசினாரா?"

இல்லை என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. பட்டறையில் அதைக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை.

"மச்சான்னு கூப்பிட்டார்."

"நீங்க?"

"மோட்டாரைப் போட்டேன்."

அவள் அழுதிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஒரு போக்கிடம் கிடைத்திருக்கும். அவள் எழுந்து அலமாரியிலிருந்து நூலை எடுத்து, முறிந்த சுருளில் முடிச்சுப் போட்டு, அவரிடம் நீட்டினாள். ஜன்னல் மேல்கம்பி அவளுக்கு எட்டாது. மாப்பிள்ளை நாற்காலி போட்டு ஏறுவாராம். மச்சான் உயரம், நின்றபடியே கட்டினார். இரண்டு தடவை முடிச்சு நழுவியது. பின்னால் நின்று அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலைச் சுருளை மேஜையிலிருந்து எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அவர் செருப்பை மாட்டும்போது அவள் வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருந்தே பேசினாள்.

"கொஞ்ச நாளைக்கு வராதீங்கண்ணா. நானே கூப்பிடுறேன்." பிறகு, குரலை உயர்த்தாமல், "கூப்பிட்டா காது கேக்கும்ல?"

கேட்கும் என்று அவர் சொன்னது அவளுக்கு எட்டியிருக்காது. தெருவில் இறங்கி நடந்தார். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று விசாரித்தார். தங்கை வீட்டுக்கு என்று சொல்வதற்குள் முகம் தாழ்ந்துவிட்டது.

பாதியில் கிடந்த தண்டை அவரே முடித்தார். மாப்பிள்ளை விட்ட இடமும் அவர் தொடங்கிய இடமும் சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கடைசி ஓட்டத்தில் அதுவும் போய்விட்டது. காலை ஷிப்டுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். நல்ல வேலைக்காரர், போகும்போது மூடியைத் துணியால் துடைத்துவிட்டுப் போகிறார், அதன் மேல் எதுவும் இருப்பதில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் மச்சான் உடனே மோட்டாரைப் போடுவதில்லை. சும்மா நிற்கிறார். போர்மேன் ஒருமுறை என்ன மச்சான் யோசனை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார்.

மெக்கானிக் வந்து பார்த்தார். பிறகு இன்னொரு மெக்கானிக்கும் வந்து பார்த்தார். அந்த லீவர் இன்னும் நிற்பதில்லை, போட்டால் வழுக்கி விழுகிறது.